88 என்றால் இரண்டு குண்டம்மாக்கள்! (பிங்கோ எண்களின் கதை)

கிளப்களிலும் அபார்ட்மெண்ட் விழாக்களிலும் ஆடும் டம்போலா என்கிற ஹவுசி பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பிங்கோ. 1 முதல் 90 வரை எண்கள். ஒரு டிக்கெட்டில் 3 வரிசை, வரிசைக்கு 5 வீதம் மொத்தம் 15 எண்கள். ஒருவர் எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவார், மற்றவர்கள் அடிப்பார்கள். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் அந்த எண்களைக் கூப்பிடும் விதத்தில் ஒரு நாட்டின் சரித்திரமே ஒளிந்திருக்கிறது!

அங்கே 88 என்று மொட்டையாகச் சொல்வதில்லை. "டூ ஃபேட் லேடீஸ், 88" என்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு குண்டம்மாக்கள்! 22 வந்தால் இரண்டு வாத்துகள். உடனே கூட்டம் "க்வாக் க்வாக்" என்று கத்தும். 11 என்றால் "லெக்ஸ் லெவன்", ஒரு ஜோடிக் கால்கள். விசில் பறக்கும். 8க்கு "கார்டன் கேட்". இது உருவத்துக்காக அல்ல, எதுகைக்காக.

இதெல்லாம் வெறும் தமாஷுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் சத்தத்தில் ஒரே மாதிரி கேட்கும். இரைச்சலான ஹாலில் 13க்குப் பதில் 30ஐ அடித்துவிட்டால் பரிசு போச்சு! எண்ணோடு ஒரு பட்டப்பெயரும் சேர்ந்து வந்தால் குழப்பம் குறைகிறது.

எண்ணுக்குப் பெயர் வைப்பது இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமான பழக்கமல்ல. லாட்டரியில் ஊறிய இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 'ஸ்மோர்ஃபியா' என்ற கனவுப் பட்டியலே உண்டு. அதிலும் 1 முதல் 90 வரைதான். 90 என்றால் பயம், 77 என்றால் பெண்களின் கால்கள்.

பிரிட்டனில் இந்த அழைப்புகளை வளர்த்ததில் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரே சூதாட்டம் 'ஹவுஸ்' என்ற இந்த விளையாட்டு. கடற்படையில் இதன் பெயர் டம்போலா. நம் ஊரில் இன்றும் புழங்கும் இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறதா? 9க்கு "டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்" என்று பெயர். அன்றைய ராணுவ டாக்டர்கள் எந்த வியாதிக்கும் தூக்கிக் கொடுத்த பேதி மாத்திரையின் எண் 9!

1960ல் வந்த சூதாட்டச் சட்டம் வியாபார ரீதியான பிங்கோ கிளப்களுக்கு வழிவிட்டது. டிவி வந்து சினிமா தியேட்டர்கள் காலியாகிக் கொண்டிருந்த காலம் அது. தியேட்டர்கள் பிங்கோ ஹால்களாக மாறின. லண்டன் டூட்டிங்கில் அரண்மனை போல் கட்டப்பட்ட கிரனடா தியேட்டரும் 1976ல் பிங்கோ ஹால் ஆனது. அங்கே கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் உழைக்கும் வர்க்கப் பெண்கள். பப் அப்போது பெரும்பாலும் ஆண்களின் இடம். புருஷன் துணையில்லாமல் ஒரு பெண் போய், நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வர ஒரு இடம் கிடைத்தது. சூதாட்டம்தான், பணம் இழந்தவர்களும் உண்டு. ஆனாலும் அது அவர்களுடைய இடம்.

இனிதான் முக்கியமான விஷயம். சட்டம் மாறினாலும் நாணயம் மாறினாலும் இந்த அழைப்புகள் மாறவில்லை.

21 என்றால் "வீட்டுச் சாவி". 21 வயதில்தான் ஒருவர் மேஜர் என்பது பழைய சட்டம். 1970ல் அது 18 ஆகிவிட்டது. சாவி மட்டும் 21லேயே இருக்கிறது.

26 என்றால் "ஹாஃப் எ கிரவுன்". இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் மதிப்புள்ள நாணயம். 1969 முடிவோடு அது செல்லாக் காசானது. 1971ல் ஷில்லிங் கணக்கே ஒழிந்தது. பிங்கோவில் மட்டும் அது செல்லும்!

65 என்றால் "முதியோர் பென்ஷன்". பென்ஷன் வயது 2020ல் 66 ஆகிவிட்டது.

10 மட்டும் விதிவிலக்கு. 10, டவுனிங் தெருவில் யார் பிரதமரோ அவருடைய "குகை" என்று கூப்பிடுவது வழக்கம். 2022ல் ஜான்சன், ட்ரஸ், சூனாக் என்று ஒரே வருடத்தில் மூன்று பேர். கூப்பிடுபவர் பாடு திண்டாட்டம்தான்!

80க்கு என்ன பெயர் தெரியுமா? "காந்தியின் காலை உணவு"! ஆங்கிலத்தில் எட்டு என்ற சொல்லும் 'சாப்பிட்டார்' என்ற சொல்லும் ஒரே சத்தம். எட்டும் சைபரும் சேர்ந்தால் 'ஒன்றும் சாப்பிடவில்லை'. 1943ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தவர் காந்தி. அவரை அடைத்து வைத்த நாட்டின் சாதாரண ஜனங்கள், விளையாட்டிலும் அவருடைய பட்டினியை நினைவில் வைத்தார்கள். கேலியா, மரியாதையா? இரண்டும் கலந்திருக்கலாம்.

இப்போது இந்த அழைப்புகள் தேய்ந்து வருகின்றன. 2007ல் இங்கிலாந்தில் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தபின் பல ஹால்களில் கூட்டம் குறைந்தது. பெரிய ஹால்களில் ஆட்டம் வேகமாக நடக்க வேண்டும் என்பதால் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். எலெக்ட்ரானிக் கருவி தானே அடித்துக் கொள்கிறது. 2008ல் சட்பரி என்ற ஊரில், யாராவது மனம் புண்பட்டு வழக்குப் போடுவார்களோ என்று பயந்து குண்டம்மாக்களையே நிறுத்தியதாகச் செய்தி வந்தது. உடம்பைக் கிண்டல் செய்யும் பெயர் போவதில் தப்பில்லை. ஆனால் அதோடு சேர்ந்து சிப்பாயின் மாத்திரையும் செல்லாக் காசும் போய்விடுகின்றன. இவற்றை எந்தச் சட்டப் புத்தகமும் இப்படி ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அடுத்த முறை ஹவுசியில் 80 வந்தால், அடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி காந்தியை நினைத்துக் கொள்ளுங்கள்.