கட்டடக் கலைக் கல்வியும் ஊவாத் தோட்டங்களும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. தன் வீட்டைத் தானே கட்டுகிறவன் ஒருவனை இப்பழமொழி மனத்திற் கொண்டு பேசுகிறது. நிலம் அவனுடையது. வாசல் எத்திசை நோக்க வேண்டும், அடுப்பங்கரை எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிப்பவனும் அவனே. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கோ நூறாண்டுகளுக்கு மேலாக இப்பழமொழி பொருந்தவில்லை. அவர்கள் குடியிருந்த வீடு அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அது எவ்வாறு அமைய வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்டதுமில்லை.

கட்டடக் கலை என்பது கல்லையும் மரத்தையும் அடுக்கும் தொழில் மாத்திரமன்று. 'யாருக்காகக் கட்டுகிறோம்?' என்ற கேள்வியிலேயே அக்கலை தொடங்குகிறது. அக்கேள்வியைக் கேட்கப் பழக்கும் கல்விக்கூடம் இலங்கையில் எப்போது தோன்றியது? அது தோன்றுமுன் ஊவாவின் மலைச்சாரல்களில் யாருக்காக என்னென்ன கட்டப்பட்டன? இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் தோட்ட வாழ்வின் ஒரு பெருங்குறை தெளிவாகும்.

பதுளைக்கு அண்மையில், ஹாலிஎலவை அடுத்துள்ள போகொட என்னும் இடத்தில், ஓடையொன்றின் மேல் பழைய மரப்பாலம் ஒன்று நிற்கிறது. வீட்டைப் போலவே அதற்கும் ஓடு வேய்ந்த கூரையுண்டு. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இளைப்பாறலாம். பக்கத்திலே பழைய விகாரை. இப்பாலத்தை அமைத்த தச்சர் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். தந்தையிடம் மகனும் ஆசானிடம் மாணவனுமாகக் கைவழிக் கல்வி பெற்றவர். தமிழகத்துத் தபதியரும் அவ்வாறே கற்றனர். அக்கல்வியில் கட்டுகிறவனுக்கும் பயன்படுத்துகிறவனுக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. பாலத்தைக் கடந்து நடப்பவன் களைப்படைவான் என்பதைத் தச்சன் அறிவான். ஏனெனில் அவனும் அவ்வழியே நடப்பவன்.

பெருந்தோட்டங்கள் வந்தபோது இந்நிலை மாறியது. 1869 முதல் இலைநோய் பரவிக் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளையை அடுத்த தம்பேதென்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். மலைகளைக் குடைந்து வந்த புகையிரதப் பாதை 1924 இல் பதுளையை அடைந்தது. தெமோதரையில் அப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, புகையிரத நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம், உருக்குச் சட்டங்களின் துணையின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழும்பியது. இவையெல்லாம் பொறியியல் அறிவின் நற்சான்றுகள் என்பதில் ஐயமில்லை.

தோட்டத் தொழிற்சாலையையும் சற்று உற்று நோக்குதல் வேண்டும். தொழிலாளர் அதனை 'ஸ்டோர்' என்பர். அதன் மேல்மாடிகள் கொழுந்தை வாட்டுவதற்கென்றே அமைந்தவை. காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும்படி சுவர் நெடுகச் சாளரங்கள் வரிசையாக இருக்கும். வாட்டிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும். அங்கே அது அரைபட்டு, நொதித்து, உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்படும். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைகளில் வீசும் வறண்ட காற்றே அக்காலத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. இலைக்கு எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று நுணுகி ஆராய்ந்து எழுப்பிய கட்டடம் அது.

துரைமாரின் இல்லங்களும் எண்ணிப் பார்த்துக் கட்டப்பட்டவையே. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் எழுப்பிய அடிசம் மாளிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள கிராமமொன்றின் பெயரை அதற்கு அவர் சூட்டினார். ஆங்கில நாட்டுப் பழைய மாளிகைகளின் பாங்கில் அதனை வரைந்தவர்கள் பூத், வெப்ஸ்டர் என்னும் இருவர். பிற்காலத்தில் கத்தோலிக்கத் துறவியரின் மடமாக அது மாறிய பின்னரும், வரைந்தவர்களின் பெயர்கள் மறக்கப்படவில்லை.

லயத்துக்கோ அவ்வாறு பெயர் சொல்ல ஒருவருமில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை. அதற்குக் காம்பிரா என்று பெயர். அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இத்தகைய அறைகள் பத்து, பன்னிரண்டு ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றமையால் பின்சுவரில் சாளரம் வைக்கவும் இடமில்லை. அடுப்புப் புகை அறையையே சுற்றி வரும். மழை பெய்தால் தகரக் கூரையின் ஓசையில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாது. தாய் தந்தையும், வளர்ந்த பிள்ளைகளும், முதியோரும் அந்த ஓரறையிலேயே பிறப்பும் பிணியும் மூப்பும் கண்டனர். கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள், கொழுந்து கொய்தவளுக்கும் அது வேண்டும் என்று கருதவில்லை. அறிவு இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. அறிவு யாருக்காகப் பயன்பட்டது என்பதில் நேர்ந்த குறையாகும்.

இந்தக் காலம் முழுவதும் இலங்கையில் கட்டடக் கலைஞரைப் பயிற்றும் கல்லூரி எதுவும் இருக்கவில்லை. அக்கலையைக் கற்க விரும்பியவர் பம்பாய்க்கோ இலண்டனுக்கோ கப்பல் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் அமைக்க எண்ணியபோது, 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்ட அக்கட்டடத்தை வரைவதற்குச் சென்னையிலிருந்து நரசிம்மன் அழைக்கப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழகத்திலும் இத்துறை வளர்ந்தது. 1957 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைத் துறை தொடங்கிற்று. மாமல்லபுரத்தில் மரபுவழிச் சிற்பக் கல்விக்கும் அதே ஆண்டில் ஒரு நிலையம் ஏற்பட்டது.

கடல் கடந்து கற்று வந்தவர்களுள் இங்கே சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர், 1918 இல் கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார். பம்பாயிலும் இலண்டனிலும் பயின்ற அவர், பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948 இல் இணை அங்கத்துவம் பெற்றார். அப்பெருமை எய்திய முதல் ஆசியப் பெண் அவரே. 1950களில் கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்காக இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. குடியேறப் போகிறவர்களிடம் அவர் முதலில் கேள்விகளைக் கொடுத்து விடை பெற்றார். குடும்பத்தில் எத்தனை பேர், சமையல் எவ்வகை, வழிபாடு எங்கே, வருமானம் எவ்வளவு என்பவற்றை அறிந்த பின்னரே வெவ்வேறு வகையான வீட்டுப் படங்களை வரைந்தார். குடியிருப்பவரைக் கேட்டு வீடு வரைவது இயலக் கூடியதே என்பது இந்நாட்டு மண்ணிலேயே, அதுவும் மலைநாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அவ்வீடுகள் அரசாங்க ஊழியருக்கு உரியவை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த பெரும்பாலான தோட்டத் தொழிலாளரிடம் அத்தகைய கேள்வித்தாள் வரவில்லை.

இலங்கையின் முதற் கட்டடக் கலைப் பள்ளி 1961 இல் கட்டுபெத்தையிலிருந்த செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கிற்று. அதன் தோற்றத்துக்கு உழைத்தவர்களுள் ஜஸ்ரின் சமரசேகர முதன்மையானவர். இடையிலே சில காலம் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த அப்பள்ளி, 1972 இல் கட்டுபெத்தை வளாகத்துக்கு வந்தது. 1978 இல் அவ்வளாகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே கட்டடக் கலையுடன் நகர, கிராமத் திட்டமிடலும், கட்டடப் பொருளியலும் தனித் துறைகளாக வளர்ந்தன. புராதனச் சின்னங்களைப் பேணும் கலையிலும் நிலத்தோற்றக் கலையிலும் பட்டமேற்படிப்புகள் ஏற்பட்டன.

இக்கல்வியின் உயிர்நிலை விரிவுரை மண்டபமன்று, வரைகூடமே. மாணவனுக்கு ஓர் இடமும் ஒரு தேவையும் கொடுக்கப்படும். அவன் அவ்விடத்துக்குச் சென்று, வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே வீசுகிறது, மழைநீர் எவ்வழியே ஓடுகிறது, மக்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று கண்டு வர வேண்டும். பின்னர் இரவு பகலாக வரைந்தும் மாதிரி உரு செய்தும், ஆசிரியரும் அனுபவம் மிக்க கலைஞரும் கூடிய அவையின் முன் தன் கருத்தை நிலைநாட்ட வேண்டும். 'இச்சுவர் ஏன் இங்கே நிற்கிறது?' என்ற கேள்விக்கு விடை இல்லையேல், அழகிய படமும் பயன் தராது.

மற்றொரு மரபு, பழைய கட்டடங்களை அளந்து வரைதல். கோலும் நாடாவும் கொண்டு விகாரை, வளவு, ஒல்லாந்தர் கால வீடு முதலியவற்றை அங்குலம் அங்குலமாக அளந்து ஏட்டில் பதிப்பர். அளக்கும் கை, கட்டியவனுடைய எண்ணத்தையும் மெல்ல அறிந்து கொள்கிறது. பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க, ரொனால்ட் லூகொக் ஆகியோர் இத்தீவின் பழைய கட்டடங்களைப் பற்றி 1998 இல் வெளியிட்ட நூலும் இத்தகைய உழைப்பின் விளைவே.

கட்டுபெத்தையில் அப்பள்ளி தொடங்கிய காலத்திலேயே, ஊவாவிலும் ஒரு சிறந்த கட்டடம் எழுந்து கொண்டிருந்தது. பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் அது. ஜெப்ரி பாவாவும் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னரும் அதனை அமைத்தனர். ஆங்கிலக் கோயிலின் சாயலைத் தேடாமல், மலைக்கு உரிய கல்லைக் கொண்டே அடக்கமான அழகுடன் அவர்கள் அதனைப் படைத்தனர். மலைச்சரிவுக்கும் குளிருக்கும் மூடுபனிக்கும் ஏற்ற புதிய கட்டடம் எப்படி இருக்கலாம் என்பதற்கு அது சான்று. அதனைச் சூழவுள்ள தோட்டங்களில் அப்போது லயங்களே இருந்தன.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. உடைமை கை மாறியபோதும் லயம் மாறவில்லை. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, சென்று குடியேற மாற்று நிலம் இல்லை. வீடு எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர் எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதை அந்தக் காலைப்பொழுது நாட்டுக்கு உணர்த்தியது.

அதன் பின் தனி வீட்டுத் திட்டங்கள் வேகம் பெற்றன. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் முதற்கட்டமாக 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச் காணி. அதிலே 550 சதுர அடி அளவான வீடு. 2017 இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. சொந்தக் கூரையும் காணி உறுதியும் தலைமுறைகளின் கனவு. அதன் அருமையைக் குறைத்துரைத்தல் ஆகாது. ஆயினும் எல்லா மலைச்சரிவுக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே படம் போதுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நனைந்த கம்பளியும் படங்கும் எங்கே காயும்? விறகு எங்கே அடுக்கப்படும்? மாட்டுப் பட்டிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடமுண்டா? மாரியம்மன் கோயிலும் காமன் பொட்டலும் புதிய குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம்? இவற்றை அங்கு வாழ்பவரே சொல்ல முடியும். வட்டப்புளுவையில் கேட்கப்பட்டதைப் போல யாரேனும் கேட்க வேண்டும்.

அளந்து வரையும் மரபுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. அடிசம் மாளிகையும் ஒன்பது வளைவுப் பாலமும் பேணத்தக்கவை எனில், லயமும் ஏட்டிலேனும் பேணத்தக்கது. அழகுக்காக அன்று, உண்மைக்காக. இஸ்தோப்பின் ஒரு பக்கத்தை மறைத்துச் சமையலறையாக்கியதும், வாசலில் பூஞ்செடி வளர்த்ததும், பிள்ளை படிக்கப் பலகையடித்து மூலையொன்று அமைத்ததும் அம்மக்களின் சொந்தக் கட்டடக் கலை. லயங்கள் இடிக்கப்படுமுன் அவற்றை அளந்து வைக்காவிடில், அவர்கள் எவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு பெரிய வாழ்வை நடத்தினர் என்பதற்குச் சான்று இல்லாமற் போகும்.

பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே பாடமாயிற்று. எனினும் கட்டடக் கலை பயில நினைக்கும் தோட்டத்துப் பிள்ளை மொறட்டுவையையே நோக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உயர்தரப் பரீட்சையில் தேற வேண்டும்; உளச்சார்புப் பரீட்சையிலும் வெல்ல வேண்டும். கணித ஆசிரியர் போதாத மலைநாட்டுப் பாடசாலைகளில் இது எளிதன்று. ஆதலால் கட்டுபெத்தையின் வரைகூடத்துக்குச் செல்லும் வழி, தோட்டப் பாடசாலையின் கணித வகுப்பிலேயே தொடங்குகிறது. அவ்வகுப்புக்கு நல்லாசிரியர் ஒருவரை அனுப்புவதும் வீடமைப்புப் பணியின் ஒரு பகுதியே. அடுப்புப் புகை எங்கே தேங்கும் என்பதைப் படத்திலன்றி, தன் கண்ணெரிச்சலாலேயே அறிந்த ஒரு பிள்ளை வரைகோலை எடுத்தால், அந்த வீட்டின் சாளரம் சரியான இடத்தில் அமையும்.