செட்டிநாட்டுப் பழைய வீட்டு மரமும் மரச்சாமான்களும்

காரைக்குடி வட்டாரத்தில் இடிக்கப்படும் நகரத்தார் வீடுகளின் தூண், உத்தரம், கைமரம், நிலை, கதவு ஆகியவற்றை வாங்கி, அறுத்து, இழைத்து, மேசையாகவும் பெஞ்சாகவும் அலமாரியாகவும் செய்து விற்பது இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இதற்குப் பெயர் பெற்றவை. வழவழப்பான புதுச் சாமானைவிட, ஆணித்துளையும் பழைய சாயத்தின் தடமும் தெரியும் முரட்டுச் சாமானையே பலர் விரும்பிக் கேட்கிறார்கள். அந்த மேசை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு.

மரம் வந்த வழி

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் ஊர்களின் தொகுதி. ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்ததாகக் கூறுவர். இப்போது எழுபதுக்குச் சற்று மேல். மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் பெரிய தேக்குக் காடு எதுவும் இல்லை. வீடுகளில் நிற்கும் மரத்தின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது.

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய - பர்மியப் போருக்குப் பின் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் பயிரிட்ட உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அதைக் கடனாகக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அந்த வருமானம் ஊரில் வீடாக எழுந்தது.

பர்மாவில் தேக்கை வெட்டும் முறை தனி. முதலில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி நீரோட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே சுமார் மூன்று ஆண்டுகள் காயும். பிறகுதான் வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து ஆற்றில் விடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் சரியாக மிதக்காது என்பதே இதற்குக் காரணம். ஆற்றில் தெப்பமாகக் கட்டப்பட்ட கட்டைகள் ரங்கூன், மௌல்மீன் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன, அங்கிருந்து கப்பலேறின.

இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்த தேக்கின் வைரம் நெருக்கமானது. அதிலுள்ள எண்ணெய்ப் பசையும் டெக்டோகுவினோன் என்னும் பொருளும் கரையானை அண்டவிடாமல் தடுக்கின்றன. நூறு ஆண்டு கழித்தும் அறுக்கத் தகுந்த நிலையில் அது இருப்பதற்கு இதுவே காரணம்.

வீடு சரிந்த கதை

1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் அடைக்க முடியாத உழவர்களின் நிலம் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. விரும்பிச் சேர்த்த சொத்து அல்ல அது. ஆனால் பர்மியரின் வெறுப்பைத் தேடித் தந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். விடுதலைக்குப் பின் 1948-இல் பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. பர்மாப் பணத்தில் கட்டிய வீடுகள் இங்கே நின்றன. பணம் வந்த வழி அடைபட்டது.

இந்த வீடுகள் கூட்டுச் சொத்து. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் உரியவை. முகப்பும் முற்றமும் எல்லோருக்கும் பொது. மூன்று தலைமுறை தாண்டினால் பங்காளிகள் இருபது, முப்பது பேர் ஆகிவிடுகிறார்கள். அவர்களோ சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு ஓடு நகர்ந்து ஒழுகினால் மாற்றச் செலவு யாருடையது என்ற பேச்சிலேயே இரண்டு மழைக்காலம் போய்விடும். அதற்குள் கைமரம் இற்றுவிடும். விற்றவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்வது எளிது. அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பட்டறையில்

மரத்துக்குக் கன அடிக் கணக்கில் விலை. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனமுள்ள கைமரம் ஒன்றில் 0.83 கன அடி மரம் உள்ளது. (மாணவர்கள் வீட்டுக் கதவை அளந்து இதைச் செய்து பார்க்கலாம்.)

பட்டறைக்கு வந்த மரத்தில் முதல் வேலை ஆணி பிடுங்குவது. தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது; காந்தத்தை மேலே ஓட்டித் தேடுவார்கள். ஓர் ஆணி தப்பினால் ரம்பத்தின் பல் போய்விடும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் ஆணி இல்லாவிட்டாலும் உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். மேல்தோலை இழைத்ததும் உள்ளிருந்து பொன்னிற மரமும் தேக்கின் மணமும் வெளிப்படும். மரம் முழுக்கக் காய்ந்திருப்பதால், செய்த சாமான் பிறகு வளைவதோ வெடிப்பதோ அரிது. நல்ல தச்சர்கள் ஆணியைத் தவிர்த்துக் கழுந்தும் துளையும் வைத்தே பொருத்துகிறார்கள்.

எது எதுவாக மாறுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. கைமரங்கள் பெஞ்சும் கட்டிலும் ஆகின்றன. உத்தரம் பலகையாக அறுக்கப்பட்டு மேசையின் மேல்பரப்பாகிறது. கதவின் மேல் கண்ணாடி போட்டால் சாப்பாட்டு மேசை. சன்னல் சட்டம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. கஜலட்சுமி செதுக்கிய நிலையை மட்டும் யாரும் அறுப்பதில்லை. அது முழுதாகவே உணவு விடுதிகளுக்கும் புது வீடுகளுக்கும் போகிறது. பழைய வீட்டு மரத்தைப் புது வீட்டு நிலையாக வைக்கக்கூடாது என்று எண்ணுவோரும் உண்டு. மேசை நாற்காலிக்கு அந்தத் தடை இல்லாததும் இந்தத் தொழிலுக்கு உதவியது.

மியான்மார் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது. அதன் பின் பழைய பர்மாத் தேக்கின் மதிப்பு மேலும் கூடியது, போலிகளும் கூடின. புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, சாயம் பூசித் தேய்த்து, பழையது என்று விற்பதுண்டு. உண்மையான பழைய மரத்தின் அடிப்பக்கத்தில் வாய்ச்சி செதுக்கிய தடம் இருக்கும். இரும்பு ஆணி நெடுநாள் இருந்த துளையைச் சுற்றி மரத்துக்குள்ளேயே கருமை இறங்கியிருக்கும். சாயம் அவ்வளவு ஆழம் போகாது.

பதிவில்லாத இழப்பு

அதே 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. சென்னையை அடுத்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. அங்கே தூண் தூணாகவே நிற்பதால் அது எதைத் தாங்கியது என்று பார்ப்பவருக்குப் புரியும். மேசையான தூணில் அது புரிய வழியில்லை. ஊர், வீட்டின் விலாசம், இடித்த ஆண்டு ஆகிய மூன்றையும் பலகையின் அடியில் எழுதிவைக்கக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம் போதும். வாங்குபவர் கேட்டால் அந்த வழக்கம் வரக்கூடும்.

பட்டறையில் மிஞ்சும் சிறு துண்டுகளும் வீண்போவதில்லை. அவை படச் சட்டமாகின்றன, சாவி மாட்டும் பலகையாகின்றன. அறுத்த மரத்தூளைப் பசையில் குழைத்து அடுத்த மரத்தின் ஆணித்துளைகளை அடைக்கிறார்கள்.