முள் திரும்பிய திசை

பெரிய காஞ்சிபுரத்தில் வால்வு ரேடியோவை இன்று மரப்பெட்டியின் பளபளப்புக்காக விலை பேசுகிறார்கள். எனக்கு அதன் சிற்றலை முள்தான் சரித்திரம்.

1952இல் மந்திரியான பி.வி. கேஸ்கர் அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டை வெகுவாகக் குறுக்கினார். சாஸ்திரிய சங்கீதத்தை ஜனங்களுக்குப் புகட்டிவிடலாமென்ற நம்பிக்கை. நம் விமர்சகர்கள் சிலரிடமும் இந்த நம்பிக்கை உண்டு. தறிக்குழியில் காலுக்கும் கைக்கும் வேலை. காது சும்மா இருந்தது. அது கொழும்புக்குப் போயிற்று. பிரிட்டிஷ் படைகளுக்காக எகலவில் எழுந்த சிற்றலை நிலையம் யுத்தத்துக்குப் பின் இலங்கை வசமாகியிருந்தது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைக்குச் சுங்கச்சாவடி ஏது? இரைச்சலோடு ஏறி இறங்கினாலும் பாட்டு வந்தது. 1957 அக்டோபரில் டில்லி விவித பாரதியைத் தொடங்கிற்று. தோல்விக்கு வைத்த பெயர் என்பேன். அதுவரை கேட்டது கொழும்பை. தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டியது டில்லிக்கு.