ஓக் கொட்டையும் ஊரார் உரிமையும்: இங்கிலாந்துக் காடுகளில் பன்றி மேய்ச்சலின் வரலாறு

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மண்டியின் வில்லியம் மன்னர், 1086-இல் அந்நாட்டின் நிலம், உழவர், ஏர், கால்நடை, வருவாய் ஆகிய அனைத்தையும் ஊர்வாரியாகக் கணக்கெடுக்கச் செய்தார். டூம்ஸ்டே புத்தகம் என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்தப் பதிவேடு காட்டை அளந்த முறை தனித்துக் கவனிக்கத் தக்கது. சில மாவட்டங்களில் காட்டின் நீளமும் அகலமும் எழுதப்பட்டிருக்க, எசெக்ஸ், ஹெர்ட்ஃபர்ட்ஷயர், நார்ஃபோக், சஃபோக் முதலிய கிழக்கு மாவட்டங்களில் ஓர் ஊரின் காடு இத்தனை பன்றிகளுக்குப் போதுமான காடு என்றே குறிக்கப்பட்டது. தெற்கே சர்ரே, சசெக்ஸ், கென்ட் பகுதிகளிலோ, காட்டில் மேய்ந்ததற்கு ஈடாக நிலக்கிழாருக்கு ஆண்டுதோறும் சேரவேண்டிய பன்றிகளின் எண்ணிக்கை எழுதப்பட்டது. இவ்வெண்களைக் கூட்டி அன்றிருந்த பன்றிகளின் தொகையைக் கண்டுவிட முடியாது என்றும், அவை பெரும்பாலும் வழக்கமாகச் சொல்லிவந்த மதிப்பீடுகளே என்றும் காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை சரியானதே. ஆயினும், அரசுக் கணக்கர்களுக்குக் காட்டின் அளவுகோலாக வெட்டி விற்கும் மரம் தோன்றாமல், மரம் உதிர்க்கும் கொட்டையைத் தின்னும் விலங்கு தோன்றியது என்பது, காடு அன்றைய மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நேராகக் காட்டுகிறது.

அந்தக் கொட்டைகள் பெரும்பாலும் ஓக், பீச் என்னும் இரு மரங்களுடையவை. இலையுதிர் காலத்தில் அவை தரும் விளைச்சல் ‘மாஸ்ட்’ எனப்பட்டது. அதைத் தின்னப் பன்றிகளைக் காட்டுக்குள் விடும் உரிமையும், அவ்வுரிமைக்காகச் செலுத்தும் கட்டணமும் ‘பானேஜ்’ என்ற ஒரே பெயரால் வழங்கின. செப்டம்பர் இறுதியில் தொடங்கி நவம்பர் வரை நீண்ட இந்த மேய்ச்சலில் பன்றிகள் கொழுத்தன. குளிர்காலம் முழுதும் தீவனம் கொடுத்துக் காக்க இயலாதவை நவம்பரிலும் டிசம்பரிலும் அறுக்கப்பட்டு, அவற்றின் இறைச்சி உப்பிட்டும் புகையூட்டியும் சேமிக்கப்பட்டது. உழைக்கும் குடும்பம் ஒன்றுக்கு அடுத்த வசந்தம் வரை கஞ்சியோடும் அவரையோடும் கிடைத்த கொழுப்பு பெரும்பாலும் இதுவே. அக்காலத்துப் பன்றி இன்றைய பண்ணைகளின் வெண்ணிறப் பன்றி அன்று. நீண்ட கால்களும் ஒடுங்கிய உடலும் முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிரும் கொண்டு, காட்டுப்பன்றிக்கு நெருங்கிய தோற்றத்தோடு, நெடுந்தொலைவு நடக்க வல்லதாக இருந்தது. அறுப்புக்கு ஏற்ற அளவுக்கு வளர அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

டூம்ஸ்டே கணக்குக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மேய்ச்சல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 688 முதல் 726 வரை வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட இனே மன்னரின் சட்டத் தொகுப்பு, முப்பது பன்றிகள் அடியில் நிற்கக்கூடிய மரம் ஒன்றை வெட்டியவர் 60 ஷில்லிங் தண்டம் செலுத்தவேண்டும் என்கிறது. சாதாரண உழவர் ஒருவர் கொல்லப்பட்டால் அவர் குடும்பத்துக்குச் சேரவேண்டிய உயிரீடே 200 ஷில்லிங்தான் என்பதை நோக்க, கொட்டை தரும் ஒரு பெருமரம் எவ்வளவு உயர்வாக மதிக்கப்பட்டது என்பது விளங்கும். அதே தொகுப்பு, பிறர் காட்டில் பன்றி மேய்த்தவர் கொடுக்கவேண்டிய பங்கையும் வகுத்திருந்தது: கொழுப்பு மூன்று விரல் தடிமன் இருந்தால் மூன்றில் ஒரு பன்றி, இரண்டு விரல் இருந்தால் நான்கில் ஒன்று, கட்டைவிரல் அளவே இருந்தால் ஐந்தில் ஒன்று. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டில் காட்டுக்குரியவர் மிகுதியாகப் பெற்றார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் மேய்த்தவரின் சுமை தானாகக் குறைந்தது. காட்டின் வளத்தை விலங்கின் உடலிலேயே அளந்து, நட்டத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளச் செய்த இந்த ஏற்பாடு, நிலையான பணக் கட்டணங்களாகப் பின்னாளில் மாறியவற்றைக் காட்டிலும் நீதியானது. டூம்ஸ்டே காலத்துக்குள் இந்த நெகிழ்ச்சி பல இடங்களில் மறைந்துவிட்டது. சசெக்ஸில் மேய்ச்சலுக்கு ஏழு பன்றிக்கு ஒன்று என்றும், ஹெர்ஃபர்ட்ஷயரின் லெம்ஸ்டரில் பத்துப் பன்றி உடைய குடியானவர் ஒன்றைக் கொடுப்பது என்றும் விகிதங்கள் உறைந்துபோயின.

பன்றி மேய்ச்சல் ஒரு நிலப்பரப்பையே எவ்வாறு உருவாக்கியது என்பதைக் காண, தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களுக்குக் குறுக்கே பரந்து கிடந்த வீல்ட் என்னும் பெருங்காட்டைப் பார்க்கவேண்டும். களிமண் நிலமும் ஓக் மரமும் நிறைந்த அந்தக் காட்டில் நிலையான ஊர்கள் தொடக்கத்தில் அரிதாக இருந்தன. வடக்கிலும் கடலோரத்திலும் இருந்த பழைய ஊர்கள் ஒவ்வொன்றும் காட்டுக்குள் தனக்கென்று ஒரு மேய்ச்சல் நிலத்தை வைத்திருந்தன. அந்த மேய்ச்சல் நிலத்துக்கு ‘டென்’ என்று பெயர். இலையுதிர் காலம் தொடங்கியதும் ஊரின் பன்றிகள் பல நாள் நடைப்பயணமாக அங்கே ஓட்டிச் செல்லப்பட்டு, கொட்டை தீர்ந்தபின் திரும்ப அழைத்துவரப்பட்டன. கிழக்குக் கோடியில் கடலை ஒட்டியுள்ள தானெட் மக்களின் மேய்ச்சல் நிலமாக இருந்ததே இன்றைய டென்டர்டன் நகரம். பிடென்டன், ரோல்வென்டன், பெனென்டன் முதலிய ஊர்களும் இவ்வாறு உருவானவையே. மேய்ப்பர்கள் தங்க முதலில் குடிசை எழுந்தது. பிறகு அதைச் சுற்றி நிலம் திருத்தப்பட்டது. அதன்பின் தேவாலயமும் சந்தையும் வந்தன. மந்தைகள் ஆண்டுக்கு இருமுறை மிதித்துச் சென்ற வழிகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக ஓடின. பல நூற்றாண்டுக் குளம்படியாலும் மழைநீராலும் இருபுறத்து நிலத்தைவிடத் தாழ்ந்துபோன அவ்வழிகள் பலவற்றின்மேல் கென்ட் மாவட்டத்தின் கிராமச் சாலைகள் இன்றும் செல்கின்றன.

இம்மந்தைகளை நடத்திய மேய்ப்பர்களைப் பற்றி ஆவணங்கள் குறைவாகவே பேசுகின்றன. பதினோராம் நூற்றாண்டில் பண்ணைக் குடிகளின் கடமைகளைத் தொகுத்து எழுதப்பட்ட ஒரு நூல், பன்றி மேய்ப்பர்களை அடிமைகள் என்றும் குத்தகை செலுத்துவோர் என்றும் இரு வகையாகப் பிரிக்கிறது. குத்தகை மேய்ப்பர் ஆண்டுக்குப் பதினைந்து பன்றிகளை, அதாவது வளர்ந்தவை பத்தும் இளையவை ஐந்தும், நிலக்கிழாருக்குக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் வளர்த்தவற்றைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பல பண்ணைகளின் வழக்கமாக இருந்தது. எழுத்தில் கிடைக்காதது ஓவியத்தில் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரையப்பட்ட லட்ரெல் சங்கீத நூலின் பக்க ஓரத்தில், ஓக் மரத்திலிருந்து பன்றிகளுக்குக் கொட்டை அடித்து உதிர்க்கும் மேய்ப்பர் ஒருவர் இருக்கிறார். பிரான்சின் பெர்ரி கோமகனுக்காகத் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற மன்றாட்டு நூலிலும் நவம்பர் மாதத்துக்குரிய பக்கம் மரத்தை நோக்கித் தடி வீசும் மேய்ப்பருக்கே தரப்பட்டிருக்கிறது. உழவும் அறுவடையும் போல இதுவும் ஆண்டின் ஒரு மாதத்தைத் தன் பெயரில் பெற்ற தொழிலாக இருந்தது.

நார்மன் ஆட்சி இந்தப் பழைய வழக்கத்தின்மேல் புதிய அதிகாரம் ஒன்றைக் கவித்தது. ‘ஃபாரஸ்ட்’ என்பது அன்று மரம் அடர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. மன்னரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு, மான் முதலிய வேட்டை விலங்குகளையும் அவற்றுக்கான மறைவிடத்தையும் காக்கத் தனிச் சட்டம் செல்லுபடியான நிலப்பகுதியையே குறித்தது. அதற்குள் ஊர்களும் வயல்களும் பிறருக்குச் சொந்தமான தோப்புகளும் அடங்கின. தம் சொந்தக் காட்டில் தம் பன்றியை மேய்ப்பதற்கும் அரசு அலுவலரின் தயவை நாடவேண்டிய நிலையில் மக்கள் இருந்தனர். இதன் எதிர்வினையாக, 1217 நவம்பர் 6 அன்று, சிறுவராக இருந்த மூன்றாம் ஹென்றி மன்னரின் பெயரால் வெளியான காட்டுச் சாசனத்தில் பன்றிக்கும் இடம் கிடைத்தது. சுதந்திரக் குடிகள் எவரும் காட்டு எல்லைக்குள் உள்ள தம் தோப்பில் பானேஜ் உரிமையை அனுபவிக்கலாம் என்றும், மன்னரின் காட்டு வழியே தம் பன்றிகளைத் தடையின்றி ஓட்டிச் செல்லலாம் என்றும், வழியில் அவை மன்னரின் காட்டில் ஓர் இரவு தங்கிவிட்டால் அதற்காக உரியவரின் பொருளைப் பறிக்கக்கூடாது என்றும் அது உறுதிகூறியது. மேய்ச்சலை மேற்பார்க்கும் ‘அஜிஸ்டர்’ என்னும் அலுவலர்கள், செப்டம்பர் 29-க்குப் பதினைந்து நாள் முன்பு கூடிப் பன்றிகளை ஏற்பதும், நவம்பர் 11-ஐ ஒட்டிக் கூடிக் கட்டணம் வாங்குவதும் சாசனத்திலேயே வகுக்கப்பட்டன. பெருஞ்சாசனமான மாக்னா கார்ட்டாவுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் விறகும் மேய்ச்சலும் கொட்டையும் இல்லாமல் வாழ இயலாத மக்களுக்கு இதுவே நெருக்கமான சாசனம். பண்ணை அடிமைக் குடிகளை அது காக்கவில்லை என்ற குறையையும் மறைக்கக்கூடாது.

பின்வந்த நூற்றாண்டுகளில் வழக்கம் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. ஓக்கும் பீச்சும் ஆண்டுதோறும் ஒரே சீராகக் காய்ப்பவை அல்ல. சில ஆண்டுகளில் கொட்டை மலிந்தும் பல ஆண்டுகளில் அற்றும் போகும். மக்கள்தொகை பெருகக் காடுகள் வயல்களாயின. எஞ்சியவை விறகுக்கும் கரிக்கும் அடிமரத்தை வெட்டித் துளிர்க்க விடும் தோப்புகளாயின. பன்றி கொட்டிலுக்குள் வந்து, அவரை, பட்டாணி, தவிடு, மோர் முதலியவற்றைத் தின்று வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனப் பன்றிகளோடு கலந்து உருவான புதிய இனங்கள் விரைவில் கொழுத்தன, ஆனால் நெடுநடைக்கு உதவவில்லை. ஆனால் ஸ்பெயின் நாட்டின் எக்ஸ்ட்ரெமதுரா, அந்தலூசியா முதலிய பகுதிகளில் ‘மொன்தானேரா’ என்ற பெயரில் கருநிறப் பன்றிகளின் ஓக் மேய்ச்சல் பெருந்தொழிலாக நீடிக்கிறது. உப்பிட்டு உலர்த்திய அதன் தொடையிறைச்சிக்கு உலகச் சந்தை இருப்பதே காரணம்.

இங்கிலாந்தில் வழக்கம் அறாது நிலைத்த இடம் தெற்கே ஹேம்ப்ஷயர் மாவட்டத்தின் நியூ ஃபாரஸ்ட். வில்லியம் மன்னரே 1079 அளவில் வேட்டைக்காடாக ஒதுக்கிய அந்நிலத்தில் மேய்ச்சல் எவ்வாறு நடந்தது என்பதை, அங்குள்ள போல்டர் ஊரின் பாதிரியார் வில்லியம் கில்பின் 1791-இல் வெளியிட்ட காட்டுக் காட்சிகள் பற்றிய நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். மேய்ப்பர் முதலில் நீர்நிலையும் கொட்டை வளமும் உள்ள ஒதுக்கிடம் ஒன்றைத் தேர்ந்து, கிளை பரந்த ஒரு மரத்தைச் சுற்றி வட்டமாகப் படல் கட்டி, கிளைகளாலும் புல்கரண்களாலும் மேலே மூடி, உள்ளே வைக்கோலோ பெரணியோ நிறையப் பரப்புவார். பிறகு சுற்றுவட்டார உழவர்களிடம் தலைக்கு ஒரு ஷில்லிங் கூலி பேசி, ஐந்நூறு அறுநூறு பன்றிகள் வரை சேர்த்து ஓட்டிவருவார். முதல் நாள் இரவு, முன்பே திரட்டிவைத்த கொட்டையை வயிறார இட்டு, அவை தின்னும்போது தம் கொம்பை ஊதிக்கொண்டே இருப்பார். மறுநாள் அருகில் சற்று உலவவிட்டு, நீரைக் காட்டி, மாலையில் மீண்டும் கொம்பொலியோடு உணவிடுவார். சில நாள்களில் பன்றிகள் அந்த ஒலியையும் தம் பட்டியையும் அறிந்துகொள்ளும். அதன்பின் பகலெல்லாம் காட்டில் தாமே மேய்ந்து, மாலையில் ஒழுங்காகத் திரும்பிவிடும். பல உழவர்களின் விலங்குகளை ஒரே மந்தையாக்கிய இந்த அறிவு, ஏட்டில் ஏறாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த கல்வி. கில்பின் அதை மதித்து எழுதிவைத்தது பேருதவி.

அந்தக் காட்டுக்கு வந்த பெரும் ஆபத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்தது. 1851-இல் இயற்றப்பட்ட சட்டம், மான்களை அகற்றுவதற்கு ஈடாக, மேலும் 10,000 ஏக்கரை வேலியிட்டு மரம் வளர்க்க அரசுக்கு அதிகாரம் தந்தது. வேலிக்குள் போன நிலத்தில் மேய்ச்சல் இல்லை. நிலத்தோடு ஒட்டிய மேய்ச்சல் உரிமைகளை உடைய மக்கள், அதாவது பொதுவுரிமையாளர்கள், இடைவிடாது எதிர்த்தனர். 1871-இல், பார்வை இழந்த பொருளாதார அறிஞரும் இந்திய நிதி விவகாரங்களில் காட்டிய அக்கறையால் இந்தியாவுக்கான உறுப்பினர் என்று அழைக்கப்பட்டவருமான ஹென்றி ஃபாசெட், பழைய மரங்களை வெட்டுவதை நிறுத்திவைக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேறச் செய்தார். 1877-இன் நியூ ஃபாரஸ்ட் சட்டம் புதிய வேலிகளைத் தடுத்து, ‘வெர்டரர்’ எனப்படும் பழைய காட்டு நீதி அலுவலர்களின் மன்றத்தைப் பொதுவுரிமையாளர்களைக் காக்கும் அமைப்பாக மாற்றியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1878-இல், அதே பேரரசு இயற்றிய இந்தியக் காட்டுச் சட்டமும், அதன் வழியில் 1882-இல் வந்த சென்னை மாகாணக் காட்டுச் சட்டமும், காப்புக்காடுகளில் ஊரார் நெடுங்காலமாக அனுபவித்துவந்த மேய்ச்சலையும் விறகையும் அரசு விரும்பினால் தரும் சலுகைகளாகச் சுருக்கின. தன் நாட்டு உழவருக்கு உரிமை என்று ஒப்புக்கொண்டதை ஆளப்பட்ட நாட்டு உழவருக்கு மறுத்த இந்த இரட்டை அளவை, காட்டு வரலாற்றை எழுதுவோர் சேர்த்தே பேசவேண்டும்.

இன்றைய நியூ ஃபாரஸ்டில், 2005 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அப்பரப்பில், இலையுதிர் காலம் தோறும் குறைந்தது 60 நாள் பன்றி மேய்ச்சல் நடைபெறுகிறது. கொட்டை மிகுந்த ஆண்டில் காலம் நீட்டிக்கப்படுகிறது. பன்றிகளுக்கு அடையாளம் இட்டுக் கட்டணம் செலுத்தவேண்டும். மண்ணை ஆழக் கிளறாதபடி அவற்றின் மூக்கில் வளையம் மாட்டவேண்டும். சினைப் பன்றிகள் சிலவற்றுக்கு, இரவில் வீடு திரும்பிவிடும் என்ற நிபந்தனையோடு, காலம் முடிந்தபின்னும் வெளியே மேய இசைவு கிடைக்கும். இந்த மேய்ச்சலால் பயன்பெறுவது பன்றியின் உரிமையாளர் மட்டும் அல்லர்: பச்சை ஓக் கொட்டையில் உள்ள டானின் குதிரைக்கும் மாட்டுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, அதைத் தாங்கக்கூடிய பன்றி முன்சென்று தின்றுவிடுவதால், அதே நிலத்தில் மேயும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் பிழைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 6,000 வரை சென்ற பன்றிகளின் எண்ணிக்கை, இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 200 முதல் 600 வரை உள்ளது. கட்டணத்தை இன்றும் வெர்டரர் மன்றமே வாங்குகிறது; அது கூடும் இடம் லிண்ட்ஹர்ஸ்ட், கில்பின் காலத்து உழவர்கள் தம் கட்டணத்தைச் செலுத்திய அதே ஊர்.