சங்கு ஊதாத வேலை

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. அப்பா வைத்த நேரம் அது. அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் மாறவில்லை. என் தினசரி மீட்டிங்கும் எட்டரைக்குத்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை பதினோரு மணி ஆகும்போது பல்லாவரத்தில் இரவு எட்டரை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்துவேன். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். மூன்று வருடமாக இப்படித்தான்.

ஒருநாள் அப்பா சாதாரணமாகச் சொன்னார். "நான் முப்பத்திரண்டு வருஷம் வேல பாத்தேன். சங்கு ஊதுனா உள்ள போவேன், சங்கு ஊதுனா வெளிய வருவேன். சட்டையில ஒட்டுன எண்ணெயத் தவிர வேற எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல."

குத்திக் காட்டவில்லை. ஆனால் குத்தியது. அந்தச் சங்கு எப்போது வந்தது, யார் ஊத வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஒர்க்-லைஃப் பேலன்ஸ் என்று எங்கள் ஹெச்.ஆர். மாதம் ஒரு மெயில் அனுப்புகிறார்கள். யோகா செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று. அந்த மெயிலில் இல்லாத ஒரு கதை இதே ஊரில், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், பெரம்பூரில் நடந்திருக்கிறது. அது ஒரு சாப்பாட்டு நேரத்தைப் பற்றியது.

பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில். இரண்டுமே பின்னி கம்பெனியின் கையில். பின்னாளில் 'பி அண்ட் சி' என்று ஊரே அழைத்தது. அங்கே 1918-இல் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். நடுவில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்.

அரை மணி நேரம் போதாதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. நான் பத்து நிமிடத்தில் லேப்டாப் முன்னாலேயே சாப்பிடுகிறவன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தறியை விட்டு வெளியே வர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நகர வேண்டும். கை கழுவ வேண்டும், பாத்திரத்தைத் திறக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி கழுவி, சங்கு ஊதுவதற்குள் தறிக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் எத்தனை நிமிடம்?

இதில் எனக்கு அதிர்ச்சி தந்த விஷயம், மில் நிர்வாகம் இந்த இடத்தில் சட்டத்தை மீறவே இல்லை என்பது. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணி மில்லில் வளர்ந்த ஆண்களை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓய்வு தந்தால் போதும். அந்தப் பன்னிரண்டுகூட ஒரு முன்னேற்றம்தான். அதற்கு முந்தைய 1881, 1891 சட்டங்கள் குழந்தைகளைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பேசின. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் என்ற எல்லையே அவற்றில் கிடையாது.

பெரம்பூர்ப் பக்கம் கடை வைத்திருந்த இரண்டு பேர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். மில் தொழிலாளர்கள் அவர்கள் கடைக்கு வருவார்கள். பொருள் வாங்கும்போது புலம்புவார்கள். மேற்பார்வையாளர் அடிக்கிறான், திட்டுகிறான், சாப்பிட நேரமில்லை என்று. இவர்கள் இருவரும் ஸ்ரீ வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்தி வந்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் சொல்லும் சங்கம் அந்தச் சபையில் கூடிய கூட்டத்திலிருந்துதான் முளைத்தது. எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்திருக்கிறது. புரட்சி பெரும்பாலும் மளிகைக்கடைத் திண்ணை மாதிரியான இடத்தில்தான் ஆரம்பிக்கிறது போல.

அவர்கள் இருவரும் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்தவர் பி.பி. வாடியா. பம்பாய் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். முந்தைய வருடம்தான் பெசன்டோடு சேர்த்து அவரையும் அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்திருந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்பது.

சுதந்திரம் வேண்டும் என்று கேட்கவில்லை. மில்லை எங்களிடம் கொடு என்றும் கேட்கவில்லை. சோற்றை மென்று தின்ன நேரம் கேட்டார்கள்.

அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது நீளமான கதை. 1920 டிசம்பரில் மில் அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. வேலைநிறுத்தத்தைத் தூண்டியதாக வாடியா மீதும் சங்க நிர்வாகிகள் மீதும் கம்பெனி வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. கடைசியில் ஏற்பட்ட சமரசத்தில் வாடியா சங்கத்தை விட்டே விலக வேண்டியிருந்தது. சங்கம் வைப்பதே சதியாகிவிடும் என்ற அந்த நிலைமைதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணம்.

1921-இல் மறுபடி வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நீண்டது. இந்தப் பகுதியைப் பெருமையாக எழுத முடியாது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு கட்டத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன. நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே சேரியும் ஊருமாக அங்கே இருந்தது. சங்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் ஊதியது. வீட்டுக்குப் போகும் தெருதான் வேறு வேறாக இருந்தது.

1923 மே 1 அன்று, அறுபத்து மூன்று வயதான சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. மணிக்கணக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்குகிறது. 1922 சட்டத்தில் நாளுக்கு 11, வாரத்துக்கு 60. 1934-இல் 10, 54. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் வந்த 1946 திருத்தத்தில் வாரத்துக்கு 48. சுதந்திரத்துக்குப் பிறகான 1948 சட்டத்தில் நாளுக்கு 9, வாரத்துக்கு 48. என் அப்பா முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்தது அந்தக் கடைசி எண்ணுக்குள்தான்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பாரிமுனையில் ஆபீஸ், பல்லாவரத்தில் வீடு என்ற வாழ்க்கையை எளிதாக்கியது அந்த ரயில்தான் என்று நினைக்கிறேன். வேலை ஒரு ஸ்டேஷன், வீடு ஒரு ஸ்டேஷன். நடுவில் ஜன்னலோரம், வாரப் பத்திரிகை, சீட்டுக்கட்டு. வேலை கழன்று விழ அந்த நேரம் போதும். ரயில் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் குரோம்பேட்டை தாண்டும்போது மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறான். நானே அதைச் செய்கிறேன்.

சரி, என்னைப் போன்றவனுக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. எங்கள் துறையில் பதவிப் பெயரில் மேனேஜர் ஆவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. எங்கள் டீமில் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "சங்கமா? நாம என்ன லேபரா?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா என்று எல்லாரும் பேசினோம். அரசு விரும்பினால் சில தொழிற்சாலைகளுக்கு 1948 சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவுகளிலிருந்து விலக்கு தரலாம் என்பதுதான் உள்ளடக்கம். அந்தப் பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தபோது ஒரு எண்ணில் நின்றுவிட்டேன். 55. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று சொல்லும் பிரிவு. பெரம்பூரின் அரை மணி நேரம்! எதிர்ப்பு வந்தது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். சிங்காரவேலரின் கூட்டத்துக்குச் சரியாக நூறு வருடம் கழித்து. அதே வருடம் அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 வரை போனார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமல் சொன்னார்.

"ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு அவருக்கு டப்பா கட்ட நான் நாலு மணிக்கு எழுந்திருப்பேன். எனக்கு எந்தச் சங்கும் ஊதலப்பா."

அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை. 1911, 1922, 1934, 1948 என்று நான் அடுக்கிய எந்தச் சட்டத்திலும் அந்த நாலு மணி இல்லை. எட்டு மணி நேர வேலை என்ற கணக்கே, மிச்சப் பதினாறு மணி நேரத்தையும் வீட்டில் யாரோ ஒருத்தி சம்பளமில்லாமல் தாங்கிப்பிடிக்கிறாள் என்ற நம்பிக்கையில் போட்டதுதான். என் மனைவி துரைப்பாக்கத்தில் வேலை செய்கிறாள். ரேடியல் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஏழரைக்கு வந்து சேர்வாள். என் மீட்டிங்குக்கு முன்னால் மகளை அவளிடம் ஒப்படைப்பேன். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஷிஃப்ட் ஹேண்டோவர். விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது. இப்போது மகளும் அதையே சொல்கிறாள்.

அம்மா அப்படிச் சொன்ன அடுத்த நாள், மீட்டிங்கை அரை மணி நேரம் முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டு மெயில் அனுப்பினேன். அனுப்புமுன் நாலு தடவை திருத்தினேன். வாடியா பேசியது துப்பாக்கிகளுக்கு முன்னால், நான் பேசியது ஒரு காலண்டர் அழைப்புக்கு முன்னால். இருந்தாலும் கை நடுங்கத்தான் செய்தது. பதில் மரியாதையாக வந்தது. எல்லாருடைய வசதியையும் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

பிறகு நவம்பர் முதல் ஞாயிறு வந்தது. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். அவர்களுடைய பதினோரு மணி இனி எங்களுக்கு ஒன்பதரை. திங்கட்கிழமை எட்டரைக்கு நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னடா, வேல போயிடுச்சா?"

விளக்கிச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ அரை மணி நேரம் கேட்ட, அவன் ஒரு மணி நேரமே குடுத்துட்டானா?"

"மார்ச்சுல திரும்ப வாங்கிப்பான்ப்பா," என்றேன்.

"அப்ப மார்ச் வரைக்கும் உக்காந்து சாப்புடு," என்று ரசத்தை என் பக்கம் நகர்த்தினார். அம்மா அடுப்படியிலிருந்து இன்னும் வரவில்லை. மகள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.