உதவித்தொகை வந்த வழி

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் மலருக்கென வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் பணித்தனர். மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஆதலின் நம் பிள்ளைகள் கல்லூரியில் பயில அரசு அளித்துவரும் பொருளுதவியின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம்.

கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எனத் தாமிரபரணியினின்று பிரியும் கால்வாய்கள் நம் இளைஞர்க்குப் புதியன அல்ல. எந்த மடை என்று திறக்கும், எந்த வயலுக்கு முதல் நீர் பாயும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அவ்வயல்களில் இறங்கி உழைத்தோர் அவர்களே அன்றோ! அரசுப் பணமும் அவ்வாறே மடை மடையாக இறங்கி வருவது. அதன் மடைகள் எவை, அவை எப்போதெல்லாம் மாற்றப்பட்டன என்பதை அறியாமையால் நம் இளைஞர் சிலர் இன்றும் படிப்பை நடுவில் நிறுத்துகின்றனர். இக்கட்டுரை எழுதப்படுவதும் அவர்கள் பொருட்டே.

ஆங்கில ஆட்சியில் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின்னர்த் தனியார் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மானியம் வழங்கும் முறை பரவிற்று. திருநெல்வேலியின் பழைய கல்லூரிகள் அம்மானியத்தின் நிழலில் வளர்ந்தவை. 1895இல் சாராள் தக்கர் கல்லூரியும் 1923இல் தூய சவேரியார் கல்லூரியும் தோன்றின. பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்னும் பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. எனினும் அன்றைய மானியம் சென்றடைந்தது நிறுவனத்தை, மாணவனை அன்று. கட்டணமும் புத்தகமும் உணவும் மாணவனே தேடிக்கொள்ள வேண்டியவை. கூலி நெல்லில் குடும்பம் நடத்திய நம் பாட்டனார்களுக்கு ஆக்ஸ்போர்டு அருகில் இருந்தும் தொலைவிலேயே இருந்தது.

நம்மவர் கல்விக்கெனத் தனியே எழுந்த முதல் பேராணை, 1893இல் சென்னை அரசு பிறப்பித்த 68ஆம் எண் ஆணை. அது தொடக்கக் கல்வியையும் ஆசிரியர் பயிற்சியையும் நோக்கியது, கல்லூரியை நினைக்கவில்லை. 1920இல் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டு, நம் மக்களின் பள்ளிகளும் உதவித்தொகைகளும் அவர் பொறுப்பில் வந்தன. 1922இல், எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால், பழைய இழிபெயர்கள் நீக்கப்பட்டு அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏறிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. சான்றிதழில் எழுதப்படும் பெயரில்தான் நம் பிள்ளைகளின் உதவித்தொகை இருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்லூரிப் படிப்புக்கான உண்மையான மடையைத் திறந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பொருளுதவி இன்றேல் தாம் அக்கடலைக் கடந்திருக்க இயலாது என்பதை அவரினும் அறிந்தவர் யார்? 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் விண்ணப்பம் அளித்தார். நம்மவர்க்கு எழுத்தறிவு மட்டும் போதாது, உயர்கல்வி வேண்டும், அதிலும் அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பயனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பொருள் தட்டுப்பாடு மிகுந்த வேளை. அவ்வேளையிலும் அத்தொகையைப் பெற்றாரெனில் அவர்தம் வாதத்திறனை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் 1948-49இல் இத்திட்டம் பழங்குடியினர்க்கும் விரிந்தது. அன்று தொடங்கிய அவ்வாய்க்காலே பலமுறை தூர் வாரப்பட்டும் திசை திருப்பப்பட்டும் இன்றளவும் ஓடுகிறது.

விடுதலைக்குப் பின் அரசே இங்குக் கல்லூரிகளை நிறுவத் தொடங்கிற்று. 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், 1970இல் இராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும், 1981இல் அரசு பொறியியற் கல்லூரியும் வந்தன. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் மாறிற்று: முதலில் சென்னை, 1966க்குப் பின் மதுரை, 1990 முதல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார். ஒரே வீட்டில் பாட்டனாரும் தந்தையும் மகளும் மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பட்டங்களை வைத்திருத்தல் இவ்வட்டாரத்தில் வியப்பன்று. 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் உதவி பெறும் கல்லூரிகளை அரசின் கண்காணிப்பில் மேலும் இறுக்கிற்று.

திருநெல்வேலிக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். நம்மவருள் கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் இங்கு மிகுதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை முதலில் இந்துக்களுக்கே உரித்தாக்கிற்று; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே உழைப்பில், ஒரே வறுமையில் வாழும் இரு வீட்டாருள் ஒரு வீட்டார்க்கு மத்திய அரசின் உதவி உண்டு, மற்றவர்க்கு இல்லை. தமிழக அரசு மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்க்கும் உதவித்தொகைத் திட்டங்களை விரித்துள்ளது. ஆயினும் இட ஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைக்கப்பட்டுள்ளனர். இதனை அறியாமல் சான்றிதழ் பெறச் சென்று திகைத்து நிற்போர் பலர்.

1984-85 முதல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகின. இடங்கள் பல்கின, கட்டணமும் உயர்ந்தது. பழைய உதவித்தொகை அக்கட்டணத்தின் முன் கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. நிலங்களை ஒற்றி வைத்தும் நகைகளை அடகு வைத்தும் நம் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்தனர். இந்நிலையில் 11.9.2012 அன்று ஆதிதிராவிடர் நலத்துறை பிறப்பித்த 92ஆம் எண் அரசாணை பெருந்துணையாக அமைந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் பயில்வோர்க்கும், கட்டண நிர்ணயக் குழு வகுத்த, திரும்பப் பெற இயலாத கட்டாயக் கட்டணங்கள் உதவித்தொகையாக வழங்கப்படும் என்றது அவ்வாணை. '92ஆம் ஆணை' என்ற சொல் நம் ஊர்களில் வழக்குச் சொல்லாகவே ஆயிற்று. ஆனால் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கு இவ்வுதவி இல்லை என்றன. கலந்தாய்வைத் தவறவிட்டுத் தரகர் சொல் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் இதனால் பட்ட இடர் பெரிது.

இக்காலத்தே மற்றொரு நெருக்கடியும் எழுந்தது. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவிலும் எட்டப்பட்ட செலவை அடுத்து மாநிலமே தாங்க வேண்டும், அதற்கு மேற்பட்டதையே மத்திய அரசு தரும் என்பது பழைய விதி. திட்டங்கள் முடிவுற்றபோது மத்திய அரசின் பங்கு மிகச் சுருங்கி, 2017-18 முதல் 2019-20 வரை நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி ரூபாயாக நின்றது. நிலுவைகள் குவிந்தன. கட்டணம் வரவில்லையென மாணவரைத் தேர்வெழுத விடாமலும், சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டும் சில கல்லூரிகள் நடந்துகொண்டன. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. அதனை எடுத்துக்காட்டிக் கேட்கும் துணிவு தனித்து நிற்கும் மாணவனுக்கு எளிதில் வருவதில்லை. இறுதியில் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 2025-26 வரையிலான காலத்திற்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்து, மத்திய அரசு 60, மாநிலம் 40 என்னும் விகிதத்தை வகுத்தது.

இத்துடன் பணம் செல்லும் வழியும் மாறிற்று. முன்பு கட்டணத்தொகை கல்லூரி வாயிலாகவே வந்தது. 2021 நெறிமுறைகளின்படி மாநிலம் தன் பங்கை இட்ட பின்னர், மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரே வருகிறது. மாணவர் 7 நாளில் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். இடையில் நிற்போரை நீக்கியது நன்றே. ஆனால் முன்பு கல்லூரி எழுத்தர் சுமந்த பொறுப்பு முழுவதும் இன்று பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில். ஆதாரோடு இணைக்கப்படாத கணக்கிற்குப் பணம் வாராது. நெடுநாள் பயன்படுத்தப்படாமல் முடங்கிய கணக்கிற்கும் வாராது. தலைப்பெழுத்து பள்ளிச் சான்றிதழில் முன்னும் ஆதாரில் பின்னுமாக இருந்தால் இருவரும் வேறு ஆள் எனக் கணினி கருதிவிடும். தலைமையாசிரியராக இருந்து மாற்றுச் சான்றிதழ்களில் கையொப்பமிடும் நாம், இத்தலைப்பெழுத்துத் தொல்லையை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தத்தால் ஏழு உட்பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரில் கொணரப்பட்டனர். பழைய பெயரில் ஒரு சான்றும் புதிய பெயரில் மற்றொன்றும் வைத்திருப்போர் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுதல் நலம்.

வரும் கல்வியாண்டில் கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேரவிருப்போர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாமைக்கான சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, பெயர் பிழையற்ற ஆதார் ஆகிய நான்கையும் மே மாதத்திற்குள் முடித்துவிடுக. சென்ற ஆண்டு பெற்றவர்களும் புதுப்பித்தல் விண்ணப்பம் இடவேண்டும். தானாகத் தொடரும் என்றிருந்து ஓராண்டை இழந்தவர் உளர். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மகளிர்க்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், ஆடவர்க்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருவன. உதவித்தொகை பெறுவோரும் இவற்றைப் பெறலாம். தாள்களைச் சரிபார்த்துக்கொள்ள விழைவோர், விடுமுறை நாட்களில் நம் சங்க அலுவலகத்திற்கு மூலச் சான்றுகளையும் நகல்களையும் கொணர்க. பெற்றோருள் ஒருவரும் உடன் வருதல் நன்று.