மாதிரிப் பாய்மரக் கப்பல்

மாதிரிப் பாய்மரக் கப்பல் என்பது ஒரு பாய்க்கப்பலை அளவு குறைத்து மரத்தில் செய்த உரு. தயார் உறுப்புகள் அடங்கிய பெட்டியை வாங்கி ஒட்டிச் செய்வோர் உண்டு. வரைபடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏரா எனப்படும் அடிக்கட்டை முதல் பாய்மர உச்சியின் கயிறு வரை ஒவ்வொன்றையும் தம் கையாலேயே அறுத்து, இழைத்து, முறுக்கிச் செய்வோரும் உண்டு. இக்கட்டுரை பின்னவர்களின் கலையைப் பற்றியது. இன்று இது ஓய்வுநேரக் கலையாகவே அறியப்படுகிறது. ஆனால் அந்த நிலை பெரும்பாலும் கடைசி நூறு ஆண்டுகளில் வந்தது. அதற்கு முன் மாதிரிக் கப்பல் கல்லறைப் பொருளாகவும், நேர்ச்சையாகவும், கப்பல் துறையின் ஆவணமாகவும், கைதியின் பிழைப்பாகவும் இருந்தது. மரக்கப்பல் கட்டிய தச்சர்கள் தம் தொழிலை ஏட்டில் எழுதியது குறைவு. கட்டிய கப்பல்களோ மூழ்கின, எரிந்தன, உடைபட்டு விறகாயின. அக்கப்பல்களைப் பற்றி நம்பிக் கேட்கத்தக்க சாட்சி பல இடங்களில் மாதிரி ஒன்றுதான்.

தொடக்கம்

மிகப் பழைய மர மாதிரிகளில் பல எகிப்தியக் கல்லறைகளிலிருந்து வந்தவை. 1920இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக், தீப்ஸ் நகருக்கு எதிரே மெக்கெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் கொள்ளையர் கண்ணில் படாத ஒரு சிற்றறையைக் கண்டார். ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் அடைபட்டிருந்த அந்த அறையில் தானியக் களஞ்சியம், நெசவுக்கூடம், மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் மாதிரிகளோடு ஒரு படகு வரிசையும் இருந்தது. நைல் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே வீசும் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறது. ஆகவே தெற்கே போகும் படகுக்குப் பாய், வடக்கே திரும்பும் படகுக்குத் துடுப்பு என்று இரு நிலைகளிலும் படகுகளைச் செய்து வைத்திருந்தார்கள். இறந்தவர் மறுமையிலும் ஆற்றில் போகவர வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்துக்காக உள்ளது உள்ளபடியே செய்ததால்தான் பாய் கட்டும் முறையும் படகோட்டிகள் அமரும் இடமும் நமக்குத் தெரிகின்றன. துட்டன்காமன் கல்லறையிலும் 35 படகு மாதிரிகள் கிடைத்தன.

நேர்ச்சைக் கப்பல்கள்

புயலில் தப்பிய மாலுமிகள் தம் கப்பலின் உருவைச் செய்து தேவாலயத்தில் தொங்கவிடுவது ஐரோப்பியக் கடற்கரைகளில் நெடுநாள் வழக்கம். டென்மார்க்கில் இத்தகைய கப்பல்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் கூரையிலிருந்து தொங்குகின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இவற்றின் பாய்மரங்களும் பீரங்கிகளும் உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரியவை. எனவே அளவறிய இவை உதவுவது அரிது.

இதற்குப் பெரிய விதிவிலக்கு மத்தாரோ கப்பல். ஸ்பெயினின் கத்தலோனியாவில் மத்தாரோ அருகே ஒரு சிற்றாலயத்தில் இருந்த இம்மாதிரி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது நெதர்லாந்தின் ரோட்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கட்டையைக் குடைந்து செய்யாமல், உண்மைக் கப்பலைப் போலவே உள்ளே சட்டங்களை நிறுத்தி வெளியே பலகை அடித்திருக்கிறார்கள். அக்காலத் தச்சர்கள் காகித வரைபடம் இல்லாமலே கப்பல் கட்டினார்கள். ஆகவே, கொலம்பஸுக்கு முந்தைய தலைமுறையின் வணிகக் கப்பல் எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் எவரும் இன்றும் இந்த ஒரு மாதிரியிடம் வந்து நிற்கிறார்கள்.

கப்பல் துறை மாதிரிகள்

இக்கலையின் பொற்காலம் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தொடங்கியது. அரசக் கடற்படைக்காகக் கட்டிய, அல்லது கட்ட எண்ணிய போர்க்கப்பல்களுக்குத் துறையின் தச்சர்கள் மாதிரி செய்தார்கள். வழக்கமான அளவு ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48இல் ஒரு பங்கு. கப்பலின் மேற்புறம் முழுவதும் பலகையும் செதுக்கு வேலையும் பொன்பூச்சும் நிறைந்திருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் வங்கு எனப்படும் குறுக்குச் சட்டங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். விலா எலும்புகள் போல வரிசையாகத் தெரியும் இந்தச் சட்டங்கள் உண்மைக் கப்பலின் சட்ட அமைப்பின் நகல் அல்ல. மாதிரிக்கென்றே வகுத்துக்கொண்ட எளிய ஒழுங்கு அது. கப்பலின் அடி வளைவைக் கண்ணுக்குக் காட்டுவதே அதன் வேலை. ஒரு கப்பலின் வேகமும் நிலைத்து நிற்கும் தன்மையும் அந்த வளைவில்தான் இருக்கின்றன.

இம்மாதிரிகள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்குச் சாமுவேல் பெப்பீஸ் சான்று. 1660இல் கடற்படை வாரியத்தின் எழுத்தராக அமர்ந்தபோது கப்பலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மரக்கணக்கிலும் கயிற்றுக் கணக்கிலும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று உணர்ந்ததும், 1662 கோடையில் ஒரு கப்பலின் ‘மேட்’ எனப்படும் துணை அதிகாரியை ஆசிரியராக வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் இருந்த மாதிரியைத் தொட்டுத் தொட்டுக் கற்றார். தன் நாட்குறிப்பில் அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே பதவியைப் பின்னாளில் வகித்த சார்லஸ் செர்கிசன் திரட்டிய மாதிரிகள் சுமார் இரண்டு நூற்றாண்டுகள் அவர் குடும்ப வீட்டில் இருந்தன. அவற்றை ஹென்றி ஹடில்ஸ்டன் ராஜர்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வாங்கினார். அவர் மறைவுக்குப் பின் 1935இல் அவருடைய முழுத் தொகுப்பும் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்தது. லண்டனுக்கு அருகே கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பு இதைவிடப் பெரிது. அங்குள்ள ‘பெல்லோனா’ மாதிரியின் அடியில் செப்புத் தகடு பொருத்தியிருக்கிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்தும் பாசியிடமிருந்தும் கப்பல்களைக் காக்கச் செப்பு வேய வேண்டும் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு விளக்க இதுவே பயன்பட்டது எனக் கருதப்படுகிறது.

பிற நாடுகளிலும் இதே காலத்தில் மாதிரி அறைகள் தோன்றின. ரஷ்யாவில் மகா பீட்டர் 1709இல் தொடங்கிய மாதிரிக்கூடம் இன்றைய மத்தியக் கடற்படை அருங்காட்சியகமாக வளர்ந்தது. பிரான்சில் துஹமெல் து மொன்சோ 1748இல் தன் தொகுப்பைப் பதினைந்தாம் லூயிக்கு அளித்தார். கப்பல் கட்டும் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தவே அவர் அதை விரும்பினார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் நிற்கும் ‘வில்லியம் ரெக்ஸ்’ 1698இல் கட்டியது. 12இல் ஒரு பங்கு அளவில், ஏறக்குறைய 5 மீட்டர் நீளம் உடைய அந்த மாதிரியின் முன் நிற்கும்போது ‘சிறியது’ என்ற சொல்லே பொருந்தாது.

கைதிகளின் கப்பல்கள்

1793 முதல் 1815 வரை நடந்த போர்களில் பிரிட்டனிடம் சிக்கிய பிரெஞ்சு, டச்சு மாலுமிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். பீட்டர்பரோ அருகே 1797இல் திறந்த நார்மன் கிராஸ் முகாமில் உணவுப் பங்கில் வந்த மாட்டெலும்பைக் கழுவி, வெளுத்து, பலகையாக அறுத்துக் கப்பல் செய்தார்கள். உள்ளே மரம், வெளியே எலும்பு. கயிற்றுக்குப் பட்டு நூலோ மயிரோ. சில மாதிரிகளில் அடியில் உள்ள ஒரு நூலை இழுத்தால் பீரங்கிகள் அனைத்தும் உள்ளே போய்விடும். முகாம் வாயில் சந்தையில் உள்ளூர் மக்கள் இவற்றை விலைக்கு வாங்கினார்கள். வரைபடம் இல்லாமல் நினைவிலிருந்து செய்ததால் அளவுகள் பிசகியிருக்கும். கப்பலின் பெயரும் சந்தைக்கேற்ப மாறும். ஆனாலும் பாய்மரக் கயிறுகளை நாளெல்லாம் கையாண்டவர்களே கட்டியவை இவை. கயிறுகளின் போக்கைப் படிப்பதற்கு அதனாலேயே இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது.

பாரிஸ் என்ற கடற்படைத் தலைவர்

இந்த வரலாற்றில் தமிழ்க் கடற்கரை நேராக வந்து சேரும் இடம் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பிரான்சுவா-எட்மண்ட் பாரிஸின் (1806–1893) வாழ்க்கை. இளம் அதிகாரியாக உலகைச் சுற்றிய கப்பல்களில் சென்ற இவர், கரையிறங்கிய இடங்களில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பல் கட்டுமானம் பற்றி 1840களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பெரிய தொகுப்பில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம், ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு, தோணி ஆகியவை அளவுகளோடு இடம்பெறுகின்றன. பயணம் ஒன்றில் இயந்திரத்தில் சிக்கி இடக்கையை இழந்த பின்பும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1871 முதல் இறக்கும்வரை லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, தன் வரைபடங்களிலிருந்தே மாதிரிகளைச் செய்வித்தார்.

அவர் செய்தது பெரிய காரியம். அரசர்களின் போர்க்கப்பல்களுக்கு மட்டுமே கிடைத்த கவனத்தை மீனவரின் படகுக்கும் கொடுத்தார். சென்னைக் கரையில் அலை மோதும் இடத்தைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றி இறக்கிய மசூலா, துறைமுகம் வந்த பின் அந்த வேலையை இழந்தது. வளைந்து கொடுக்கும் அதன் தையலை அளவோடு பார்க்க விரும்பும் மாதிரிக் கலைஞருக்கு இன்றும் பாரிஸின் தாள்களே முதல் வழிகாட்டி.

இருபதாம் நூற்றாண்டு

நீராவி வென்று பாய்க்கப்பல்கள் மறைந்த பிறகு, 1920களில் இக்கலை வீடுகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் டேவிஸின் கையேடு 1926இல் வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆர். சி. ஆண்டர்சன் 1600–1720 காலக் கப்பல்களின் கயிற்றமைப்பு பற்றிய நூலை வெளியிட்டார். பழைய மாதிரிகளை நேரில் ஆராய்ந்து எழுதியது அது. மாதிரியிலிருந்து நூல், நூலிலிருந்து அடுத்த மாதிரி என்ற சுழற்சி அப்போது தொடங்கியது. மருத்துவரான நெப்பியன் லாங்ரிட்ஜ், நெல்சனின் ‘விக்டரி’ கப்பலை 48இல் ஒரு பங்காகக் கட்டி, கட்டிய முறையை 1955இல் நூலாக்கினார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் பூத்ரியோ 74 பீரங்கிக் கப்பல் ஒன்றின் ஒவ்வொரு மரத்துண்டையும் 1973 முதல் 1977 வரை நான்கு தொகுதிகளில் வரைந்து முடித்தார். அதற்குப் பின் அவ்வகைப் பிரெஞ்சுக் கப்பலைக் கட்டுவோர் எவரும் உள்கட்டமைப்பை ஊகிக்க வேண்டியதில்லை. நூல்களைவிடக் கையையே நம்பியவர் ஆகஸ்ட் கிராப்ட்ரீ. அவர் தன் வாழ்நாளில் கட்டிய 16 கப்பல்கள் வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் நகரின் கடலோடிகள் அருங்காட்சியகத்தில் ஒரு தனி அறையாக உள்ளன. அவற்றின் செதுக்குருவங்களைப் பூதக்கண்ணாடி வழியாகத்தான் முழுமையாகக் காண முடியும்.

கட்டும் முறை

தொடக்கம் மூன்று வரைபடங்கள்: பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலம், குறுக்கு வெட்டுகள். குறுக்கு வெட்டிலிருந்து ஒவ்வொரு வங்கின் வடிவமும் கிடைக்கிறது. ஒரு வங்கை ஒரே பலகையில் வெட்டினால், வளைவில் மரத்தின் நார் குறுக்கே ஓடி முறிந்துவிடும். எனவே உண்மைக் கப்பலில் போலவே பல துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து, நார் வளைவோடு போகும்படி செய்ய வேண்டும். வங்குகளை ஏராவின் மேல் செங்குத்தாக நிறுத்திய பின், மெல்லிய ரீப்பரை முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை வளைத்துப் பார்ப்பார்கள். அது ஒவ்வொரு வங்கையும் தொட வேண்டும். எங்கும் மேடு தட்டக் கூடாது. மேடு தட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யும் இந்தக் கட்டத்தில்தான் மாதிரியின் விதி முடிவாகிறது. இங்கே விட்ட பிழையைப் பின்னால் எந்தப் பூச்சும் மறைக்காது.

பலகை அடிப்பது அடுத்தது. கப்பலின் நடுப்பகுதியில் சுற்றளவு பெரிது, அணியத்தில் சிறிது. ஆகவே ஒரே அகலமுள்ள பட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு பலகையையும் அதன் இடத்துக்கேற்ப அளந்து, முனை நோக்கி ஒடுக்கி வெட்டி, ஆவியிலோ சுடுநீரிலோ பதப்படுத்தி வளைக்க வேண்டும். பலகையை வங்கோடு பிணைக்கும் மர ஆணிகளை மூங்கிலில் செய்வார்கள். தட்டார் கம்பியிழுப்பதற்குரிய கம்பியச்சின் துளைகளில் மூங்கில் சீவலை மாற்றி மாற்றி இழுத்தால் அரை மில்லிமீட்டர் வரை மெலியும்.

மரத் தேர்வைத் தீர்மானிப்பது நாரின் நுண்மை. கப்பலை 48 மடங்கு குறைக்கலாம். மரத்தின் நாரைக் குறைக்க முடியாது. உண்மைக் கப்பலுக்கு ஓக்கும் தேக்கும் சிறந்தவை. மாதிரியில் அவற்றின் துளைகள் பள்ளங்களாகத் தெரியும். அதனால் ஐரோப்பியர் பாக்ஸ்வுட், பேரி, ஆப்பிள் மரங்களை எடுத்தார்கள். இந்திய மரங்களில் நெருங்கிய நாருள்ள மஞ்சக்கடம்பு ஏற்றது. துணிக்கும் இதே சிக்கல் உண்டு; நெசவு இழை பருமனாகத் தெரிவதால் பலர் பாய் விரிக்காமல் வெறும் பாய்மரமும், பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான பருமல்களும் கயிறுகளுமாகவே முடிக்கிறார்கள்.

கயிறு தனிக் கலை. லினன் நூலைத் தேன்மெழுகில் ஓட்டி, சிறிய முறுக்கு எந்திரத்தில் மூன்று புரிகளாகத் திரிப்பார்கள். கப்பலின் சாதாரணக் கயிறு வலமுறுக்கு. நங்கூர வடமோ அத்தகைய மூன்று கயிறுகளைச் சேர்த்து இடமுறுக்காகத் திரித்தது. ‘விக்டரி’யில் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு உண்டு. அதன் மாதிரியைக் கட்டுபவர் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித் தடிமன் கணக்கிட்டு, தனித்தனியே திரித்து, தானே கடைந்த கப்பிகள் வழியே ஓட்டி, அதற்குரிய கட்டையில் கட்டுகிறார். எந்தக் கயிறு எந்தக் கட்டையில் என்பது அலங்காரம் அல்ல. நள்ளிரவுப் புயலில் கண் காணாமல் கை வைத்த இடத்தில் கயிறு இருக்க வேண்டும் என்பதற்காக மாலுமிகள் வகுத்த ஒழுங்கு அது.

பாதுகாப்பு

பழைய மாதிரிகளின் முதல் எதிரி ஈயம். வார்ப்பதற்கு எளிது என்று பீரங்கிகளையும் நங்கூரத்தையும் ஈயத்தில் செய்தவர்கள் பலர். மூடிய கண்ணாடிப் பேழைக்குள் மரமும் பசையும், குறிப்பாக ஓக் மரமும், வெளிவிடும் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி வெண்பொடியாக்குகிறது. சில பத்தாண்டுகளில் பீரங்கி வீங்கி உதிர்ந்துவிடும். ஆகவே தேர்ந்த கலைஞர்கள் இன்று பித்தளையில் கடைகிறார்கள். பேழைக்கு ஓக்கைத் தவிர்க்கிறார்கள். அடியில் காற்றோட்டத்துக்குத் துளைகளும் விடுகிறார்கள். நேர் வெயில் படும் இடத்தில் மாதிரியை வைத்தால் கயிறுகளின் நூல் நைந்து அறும்; ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகைகள் சுருங்கி இடைவெளி விழும். நாம் வீட்டில் கட்டிய மாதிரியானாலும், பயன்படுத்திய மரம், பசை, பூச்சு, வரைபடம் ஆகியவற்றின் விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பேழையின் அடியில் வைப்பது நல்ல வழக்கம். பிற்காலத்தில் பழுது பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.